அறுபத்து நாலு வயதில் கல்விக் கடன்

2023 ஜூன் 30, வெள்ளிக்கிழமை. நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். காலைக் காப்பியை முடித்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டு டீச்சரம்மா கையில் செல்போனோடு வந்து, "எல்லாம் முடிந்துவிட்டது" என்றார். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. ரயிலைத் தவறவிட்டவர் நடைமேடையில் நிற்பாரே, அப்படி ஒரு முகம்.

அன்று காலைதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அதிபர் பைடன் அறிவித்திருந்த கல்விக் கடன் தள்ளுபடி செல்லாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. டீச்சரம்மாவும் அதற்கு விண்ணப்பித்தவர். 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்ற கடிதம்கூட முந்தைய ஆண்டே வந்துவிட்டது. பத்தாயிரம் டாலர் குறையும் என்று நம்பியிருந்தார்.

எனக்கு அதைவிட வேறொன்று ஆச்சரியமாக இருந்தது. டீச்சரம்மாவுக்கு அப்போது வயது 64. அரசுப் பள்ளி ஆசிரியை, ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். இந்த வயதில் கல்விக் கடனா? "பிள்ளைக்காக வாங்கினதா?" என்று கேட்டேன். "இல்லை, எனக்காகத்தான். முதுகலைப் பட்டம் இருந்தால் சம்பளம் கூடும் என்று 2007-ல் வாங்கினேன்" என்றார். வாங்கியது 31,000 டாலர். நடுவில் கணவர் படுத்த படுக்கையானபோது தவணை கட்ட முடியாமல் அவகாசம் கேட்டிருக்கிறார். அவகாசம் கொடுத்தார்கள், வட்டியை நிறுத்தவில்லை. பதினாறு வருடம் கழித்து பாக்கி 34,000.

வங்கியில் 36 வருடம் குப்பை கொட்டியவன் நான். அதில் பாதி, கடன் கொடுப்பதிலும் மீதி, கொடுத்ததை வசூலிப்பதிலும் போனது. கட்டக் கட்ட ஏறும் கடனை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு நாட்டின் அதிபர் 'தள்ளுபடி' என்று சொன்ன பிறகும் தள்ளுபடி ஆகாத கடன் எனக்குப் புதிது. மகள் வீட்டில் பொழுது நிறைய இருந்தது. உட்கார்ந்து படித்தேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

தொடக்கத்தில் தள்ளுபடியும் இருந்தது

1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்கா அரண்டு போனது. நம் பிள்ளைகளுக்கு அறிவியல் போதவில்லை என்று அடுத்த ஆண்டே ஒரு சட்டம் போட்டார்கள். 1958-ன் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம். அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்டார். அரசுப் பணம் கல்லூரிகள் வழியாக மாணவர்களுக்குக் கடனாகப் போனது. வட்டி 3 சதவீதம்.

அந்தச் சட்டத்திலேயே தள்ளுபடியும் இருந்தது. படித்து முடித்து அரசுப் பள்ளியில் ஆசிரியராகப் போனால் வருடத்துக்குப் பத்து சதவீதம் வீதம், ஐந்து வருடத்தில் பாதிக் கடன் ரத்து. ஆக, கல்விக் கடன் தள்ளுபடி என்பது நேற்றைய அரசியல்வாதி கண்டுபிடித்த இலவசம் அல்ல. அந்தக் கடன் பிறந்தபோதே அதனோடு கூடப் பிறந்தது.

அடுத்து 1965. அதிபர் லிண்டன் ஜான்சன், எடுபிடி வேலை பார்த்துத் தான் படித்த டெக்சாஸ் கல்லூரிக்கே போய், நவம்பர் 8-ம் தேதி உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இதில் முறை மாறியது. கடன் கொடுப்பது வங்கி. ஜாமீன் நிற்பது அரசு. மாணவன் கட்டாவிட்டால் அரசு கட்டும். வங்கிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் அந்தக் காலத்தில் அங்கே கிளை மேலாளராக இருந்திருந்தால், நானும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருப்பேன்.

ஒவ்வொரு கதவாக மூடினார்கள்

எந்தக் கடனுக்கும் ஒரு முடிவு உண்டு. கட்டி முடிக்கலாம். முடியாவிட்டால் நீதிமன்றம் போய்த் திவால் கேட்கலாம். அதுவும் இல்லையென்றால் காலாவதி ஆகும். நம் ஊரில் கடன் பத்திரத்துக்கு மூன்று வருடம் ஆயுள். அது முடிவதற்குள் கடன்தாரரைத் தேடிப் பிடித்து, பாக்கியை ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்காக வெயிலில் எத்தனை கிராமம் அலைந்திருப்பேன்!

அமெரிக்காவில் கல்விக் கடனுக்கு மட்டும் இந்தக் கதவுகளை ஒன்றன்பின் ஒன்றாக மூடினார்கள். படித்து முடித்த டாக்டரும் வக்கீலும் வேலைக்குப் போகும் முன் திவால் கொடுத்துத் தப்பிக்கிறார்கள் என்று 1970-களில் ஒரு பேச்சு கிளம்பியது. கணக்கெடுத்துப் பார்த்தால், திவாலில் போன கல்விக் கடன் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனாலும் 1976-ல் சட்டம் வந்தது: கடன் கட்டத் தொடங்க வேண்டிய நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குத் திவால் கேட்க முடியாது. தாங்க முடியாத கஷ்டம் என்று நிரூபித்தால் மட்டும் விதிவிலக்கு.

1990-ல் ஐந்து வருடம் ஏழானது. 1998-ல் வருடக் கணக்கையே எடுத்துவிட்டார்கள். இனி எப்போதுமே முடியாது. 2005-ல் தனியார் கொடுத்த கல்விக் கடனையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். இடையில் 1991-ல், அரசுக் கல்விக் கடனுக்குக் காலாவதி என்பதே இல்லை என்று சட்டம் செய்தார்கள்.

'தாங்க முடியாத கஷ்டம்' என்றால் என்ன? சட்டம் சொல்லவில்லை. 1987-ல் நியூயார்க்கில் ப்ரன்னர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று சோதனைகள் வைத்தது. கடனைக் கட்டினால் மிகக் குறைந்த வாழ்க்கைகூட வாழ முடியாது என்று காட்ட வேண்டும். அந்த நிலைமை இனியும் நீடிக்கும் என்று காட்ட வேண்டும். இதுவரை நேர்மையாகக் கட்ட முயன்றதையும் காட்ட வேண்டும். இன்று ஏழை என்றால் போதாது, நாளையும் ஏழையாகவே இருப்பேன் என்று நிரூபிக்கச் சொன்னால் யார் போவார்கள்? பெரும்பாலோர் வழக்கே போடவில்லை.

நம் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 2005-ல் உச்ச நீதிமன்றம் ஒரு முதியவரின் வழக்கில், பழைய கல்விக் கடனுக்காக அரசு தரும் முதுமைக்கால ஓய்வூதியத்தில் பிடித்தம் செய்யலாம் என்று ஒருமனதாகச் சொன்னது. மாதம் 750 டாலரை மட்டும் தொடக் கூடாது. அதற்கு மேல், 15 சதவீதம் வரை பிடிக்கலாம். இருபது வயதில் வாங்கிய கடன் எழுபது வயதில் பென்ஷனில் வந்து நிற்கலாம் என்று அர்த்தம்.

திறந்த சின்னக் கதவுகள்

ஒரேயடியாக இரக்கமில்லாமல் இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. வருமானத்துக்கு ஏற்ற தவணை என்ற முறை 1993-ல் வந்தது. 25 வருடம் கட்டினால் மீதி தள்ளுபடி. 2007-ல் இன்னொரு சட்டம் வந்தது. அரசு வேலையிலோ பொதுச் சேவை நிறுவனத்திலோ இருந்துகொண்டு, 120 தவணை, அதாவது பத்து வருடம், ஒழுங்காகக் கட்டினால் மீதிக் கடன் ரத்து. ஆசிரியர், நர்ஸ், போலீஸ்காரர், தீயணைப்பு வீரர் எல்லாருக்கும் பொருந்தும்.

பத்து வருடம் முடிந்து முதல் கூட்டம் விண்ணப்பித்தது. 2018-ல் வந்த கணக்கில், சுமார் 28,000 விண்ணப்பங்களில் கடன் ரத்தானது 96 பேருக்கு. தொண்ணூற்று ஆறு ஆயிரம் அல்ல. வெறும் 96 பேர். காரணம், கடன் வகை சரியில்லை, தவணைத் திட்டம் சரியில்லை, படிவம் சரியில்லை. அரசு நேரடியாகக் கொடுத்த கடன்தான் தகுதி. வங்கி கொடுத்து அரசு ஜாமீன் நின்ற கடன் தகுதியில்லை. கடன் வாங்கியவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

டீச்சரம்மாவும் 2018-ல் விண்ணப்பித்து, 'தங்கள் கடன் தகுதியான வகை அல்ல' என்று பதில் வாங்கியவர்தான். அதோடு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பெரிய கதவுக்குச் சாவி யாரிடம்?

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. தவணையும் வட்டியும் நிறுத்தப்பட்டன. டிரம்ப் காலத்தில் தொடங்கி, பைடன் காலத்திலும் நீட்டிக்கப்பட்டு, மூன்றரை வருடம் ஓடியது. அதற்குள், நிறுத்தி வைத்ததை ஏன் ரத்து செய்யக் கூடாது என்ற குரல் வலுத்தது. சுமார் 4.3 கோடிப் பேரின் தலையில் 1.6 லட்சம் கோடி டாலர் இருந்தது.

யார் ரத்து செய்வது என்பதில் பைடன் கட்சிக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பிரதிநிதிகள் சபைத் தலைவராக இருந்த நான்சி பெலோசி, அதிபருக்கு அந்த அதிகாரம் இல்லை, நாடாளுமன்றம்தான் சட்டம் செய்ய வேண்டும் என்று 2021 ஜூலையில் வெளிப்படையாகச் சொன்னார். நாடாளுமன்றத்திலோ அதற்கு ஓட்டு இல்லை.

ஆகவே பழைய சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். 2003-ல், ஈராக் போர் சமயத்தில் போட்ட 'ஹீரோஸ்' சட்டம் அகப்பட்டது. போரோ தேசிய நெருக்கடியோ வந்தால், அதனால் கடன்தாரர்களின் நிலைமை மோசமாகிவிடாமல் இருக்கக் கல்வி அமைச்சர் கடன் விதிகளைத் தளர்த்தலாம், மாற்றலாம் என்பது அதன் சாரம். படைக்குப் போகும் மாணவனை மனத்தில் வைத்துப் போட்ட சட்டம். ஆனால் வாசகத்தில் 'தேசிய நெருக்கடி' என்று இருந்தது. கொரோனா தேசிய நெருக்கடிதானே?

2022 ஆகஸ்ட் 24-ல் பைடன் அறிவித்தார். வருட வருமானம் 1,25,000 டாலருக்குக் குறைவானவர்களுக்கு 10,000 டாலர் தள்ளுபடி. ஏழை மாணவருக்கான பெல் உதவித்தொகை பெற்றவர்களுக்கு 20,000 வரை. செலவு சுமார் 40,000 கோடி டாலர் என்று நாடாளுமன்றத்தின் நிதி அலுவலகம் கணக்குச் சொன்னது. 2.6 கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள், 1.6 கோடிப் பேருக்கு ஏற்பும் கிடைத்தது. அப்போது வந்ததுதான் டீச்சரம்மாவின் கடிதம். நவம்பரில் நீதிமன்றங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டன.

கட்டினவன் கேட்ட கேள்வி

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2008 பிப்ரவரி 29-ல் பட்ஜெட்டில் விவசாயக் கடன் தள்ளுபடி அறிவித்தார்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு முழுத் தள்ளுபடி. பணத்தை மத்திய அரசு வங்கிக்குக் கொடுத்தது. நான் அப்போது ஒரு கிராமக் கிளையில் மேலாளர். பயனாளிகள் பட்டியலைத் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். கூட்டம் கூட்டமாக வந்து தங்கள் பெயரை விரல் வைத்துத் தேடினார்கள்.

ஒரு பெரியவர் மட்டும் கடைசி வரை நின்றார். அவர் பெயர் பட்டியலில் இல்லை. முந்தைய வருடமே மனைவியின் வளையலை விற்றுக் கடனை அடைத்துவிட்டவர். "அப்ப நான் கட்டினது தப்பா சார்?" என்றார். நான் என்ன சொல்வேன்? காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அவர் கேட்டது தவறில்லை. பட்டியலில் பெயர் இருந்தவர்களின் கஷ்டமும் பொய்யில்லை.

அமெரிக்காவின் அரசியல் தடையும் இதுதான். 2023 பிப்ரவரி 28-ல் விசாரணை நடந்தபோது தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஓர் உதாரணம் கேட்டார். இரண்டு பேர் பள்ளி முடிக்கிறார்கள். ஒருவன் கடன் வாங்கிக் கல்லூரிக்குப் போகிறான். மற்றவன் கடன் வாங்கிப் புல் வெட்டும் தொழில் தொடங்குகிறான். முதல்வன் கடனை ரத்து செய்துவிட்டு இரண்டாமவனிடம் வரி கேட்டால் நியாயமா? கேட்டவர் தலைமை நீதிபதிதான். எனக்கு மட்டும் அறிவிப்புப் பலகை முன் நின்ற பெரியவர் நினைவுக்கு வந்தார்.

யாருக்கு நஷ்டம்?

நீதிமன்றத்தில் முதல் கேள்வி, இந்தத் தள்ளுபடியை எதிர்த்து வழக்குப் போட யாருக்கு உரிமை உண்டு என்பது. எனக்குப் பிடிக்கவில்லை என்றால் போதாது. நேரடியாக நஷ்டம் இருக்க வேண்டும். கடன் கொடுத்தவர் அரசு, விடுபவரும் அரசு. மூன்றாம் ஆளுக்கு என்ன நஷ்டம்? கடன்தாரர் இருவர் போட்ட வழக்கு இதனால்தான் ஒருமனதாகத் தள்ளுபடியானது.

நெப்ராஸ்கா, மிசௌரி உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் வழக்கு மட்டும் நின்றது. மிசௌரி அரசு ஏற்படுத்திய 'மொஹீலா' என்ற அமைப்பு, மத்திய அரசுக்காகக் கல்விக் கடன் கணக்குகளைப் பராமரித்துக் கட்டணம் வாங்குகிறது. கடன் ரத்தானால் கணக்குகள் மூடப்படும். வருடத்துக்குச் சுமார் 4.4 கோடி டாலர் கட்டணம் போகும். அந்த நஷ்டம் மிசௌரியின் நஷ்டம் என்று நீதிமன்றம் ஏற்றது. இதில் வேடிக்கை, மொஹீலா தானாக வழக்கே போடவில்லை. நான்கு கோடிப் பேரின் கதி அந்தக் கட்டண இழப்பில் தொங்கியது.

இரண்டாவது கேள்வி, அமைச்சருக்கு அதிகாரம் உண்டா. ஆறு நீதிபதிகள் இல்லை என்றார்கள். மூன்று பேர் உண்டு என்றார்கள். தீர்ப்பை எழுதிய ராபர்ட்ஸ், 'மாற்றலாம்' என்றால் சிறு மாற்றம்தான், புதிதாக ஒரு திட்டத்தையே எழுதுவது அல்ல என்றார். பிரெஞ்சுப் புரட்சி பிரபுக்களின் நிலையை 'மாற்றியது' என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இந்த மாற்றம் என்று ஒரு குத்தும் குத்தினார். இவ்வளவு பெரிய பொருளாதார விஷயத்தில் நாடாளுமன்றம் தெளிவாக அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும் என்றார். ஆதாரமாகப் பெலோசியின் பேச்சையே எடுத்துக் காட்டினார். சொந்தக் கட்சிக்காரர் சொன்னது எதிர்த்தரப்புக்குச் சாட்சியானது.

மாறுபட்ட தீர்ப்பை நீதிபதி எலினா கேகன் எழுதினார். சட்டத்தின் வாசகம் அதிகாரம் கொடுக்கிறது. மாநிலங்களுக்கு இதில் சொந்த நஷ்டமே இல்லை. தனக்குச் சம்பந்தமில்லாத கொள்கை விவகாரத்தில் நீதிமன்றம் தலையிடுகிறது என்றார். இரண்டையும் படித்தேன். என் மனம் இரண்டு பக்கமும் ஆடியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

சாவி நாடாளுமன்றத்திடம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாடாளுமன்றமோ அதே மாதத்தின் முதல் நாள், தள்ளுபடியையே ரத்து செய்யும் தீர்மானத்தை நிறைவேற்றி முடித்திருந்தது. ஆளும் கட்சியைச் சேர்ந்த சிலரும் அதற்கு ஓட்டுப் போட்டார்கள். பைடன் தன் தடை அதிகாரத்தால் அதை நிறுத்தினார். பிறகு 1965 சட்டத்தின் கீழ் வேறொரு தள்ளுபடிக்கு முயன்றார். நீதிமன்றம் தடுத்தது, 2024 கடைசியில் கைவிடப்பட்டது. தவணையைக் குறைத்த புதிய திட்டமும் வழக்கில் மாட்டியது. 2025 ஜூலையில் வந்த சட்டம், அந்தத் திட்டத்துக்கு முடிவு கட்டி, 30 வருடம் கட்டினால்தான் மீதி தள்ளுபடி என்ற புதிய முறையைக் கொண்டு வந்திருக்கிறது.

டீச்சரம்மாவின் காகிதங்கள்

அந்த ஜூலையில் ஒரு நாள் டீச்சரம்மாவிடம், "உங்கள் கடன் காகிதங்களைக் காட்டுங்கள்" என்றேன். பழைய தொழில் புத்தி. ஒரு அட்டைப் பெட்டி நிறையக் கொண்டு வந்தார். அவர் கடன் வங்கி கொடுத்தது, பிறகு அரசு கைக்கு மாறியது. 2018-ல் தகுதியில்லை என்றது இதனால்தான். ஆனால் 2021-க்குப் பிறகு கல்வித் துறை விதிகளைத் தளர்த்தியிருந்தது. பழைய வகைக் கடனை நேரடிக் கடனாக மாற்றிக்கொண்டால், முன்பு கட்டிய மாதங்களும் கணக்கில் சேரும் என்று என் மகள் அரசு இணையதளத்தில் தேடிக் கண்டுபிடித்தாள். டீச்சரம்மாவோ பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறவர்.

"மறுபடியும் படிவமா?" என்று சலித்துக்கொண்டார். மூன்று மாலைகள் எங்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து நிரப்பினோம். நான் ஊர் திரும்பிய பிறகு, 2024 ஏப்ரலில் மகள் போன் செய்தாள். "அப்பா, டீச்சருக்கு லெட்டர் வந்துடுச்சு. பாக்கி ஜீரோ." பின்னால் டீச்சரம்மாவே பேசினார். "பதினேழு வருடமாக மனத்தில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. இன்று அது நின்றுவிட்டது" என்றார்.

அவர் ஒருவர் மட்டுமல்ல. பெரிய தள்ளுபடி தோற்றாலும், பொதுச் சேவை, ஊனம், ஏமாற்றிய கல்லூரி என்று ஏற்கெனவே சட்டத்தில் இருந்த சின்னக் கதவுகள் வழியாக, 2025 ஜனவரிக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 18,000 கோடி டாலருக்கும் மேல் ரத்தானது. பொதுச் சேவைக் கதவில் மட்டும், 96-ல் தொடங்கிய எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. இதற்குப் புதுச் சட்டம் தேவைப்படவில்லை. இருந்த சட்டத்தை, இருந்தபடி கொடுக்க மனசுள்ள அதிகாரிகள் போதுமாக இருந்தது.

என் மேஜைக்கு முன்னால் நின்ற எத்தனை பேரிடம் நான் 'தகுதியில்லை' என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன் என்று இப்போது யோசிக்கிறேன். எது குறைகிறது, எதை மாற்றினால் சரியாகும் என்று இன்னும் ஐந்து நிமிடம் சொல்லியிருக்கலாம். மார்ச் மாத முடிவு, தணிக்கை, கூட்டம் என்று சாக்குகள் இருந்தன. வளையலை விற்ற பெரியவருக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் படிவம் திரும்பி வந்து மனம் உடைந்துபோகிறவர்களுக்கு ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்லும் இடத்தில்தான் நான் 36 வருடம் உட்கார்ந்திருந்தேன்.